ஊர் திரும்பும் தாதியர்: வாட்டு மாறினால் தொழில் முடிந்துவிடுமா?

கடந்த வருடம் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். புத்தளத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான பாடசாலையில் என்னிடம் படித்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, தெற்கில் ஒரு பெரிய வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் ஏழு வருடம் வேலை செய்தவள். கணவரின் குடும்பம் மன்னாரில் மீள்குடியேறியதால் இடமாற்றம் கேட்டு வடக்கிற்கு வந்திருந்தாள்.

"டீச்சர், என்னை ஆண்கள் மருத்துவ வாட்டில போட்டிருக்காங்க. பி.பி.யு.வில இப்ப இடம் இல்லையாம். எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கு. போன வருஷம் படிச்சு முடிச்ச பிள்ளைகள் என்னை விட வேகமா வேலை செய்றாங்க. மாமி சொல்றாங்க, வேலையை விட்டுட்டு வீட்டோட இரு எண்டு. நானும் அதத்தான் யோசிக்கிறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே, எனக்கு ஒரு கிழமை தா" என்றேன். நான் தாதியல்ல, ஆசிரியை. ஆனால் என்னிடம் படித்தவர்களில் தாதியரானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டேன், தேடி வாசித்தேன். அவளுக்காகச் சேர்த்தவை இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இது ஏன் எங்கள் பிரச்சினை

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலிப் பகுதிக் கிராமங்கள் என்று மன்னாரின் முஸ்லிம் ஊர்கள் சில நாட்களில் வெறிச்சோடின. தீவிலிருந்தவர்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் மன்னார் மாவட்டத்தவரே மிக அதிகம்.

போர் 2009இல் முடிந்தது. 2010இல் மன்னாருக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் இறங்குதுறைக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆனாலும் நம் குடும்பங்களில் பாதி இன்னும் புத்தளத்தில், மீதி மன்னாரில். வீட்டைக் கட்டிவிட்டோம், பள்ளிவாசலைக் கட்டிவிட்டோம். முழுக் குடும்பமும் ஏன் வரவில்லை என்று கேட்டால் பிள்ளைகளின் படிப்பையும், வருத்தம் வந்தால் பார்க்க வசதி போதாமையையும்தான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் ஊர் திரும்பும் ஓர் ஆசிரியையும் ஒரு தாதியும் ஒரு வீட்டுக்கு மட்டும் திரும்புவதில்லை. வேறு பத்துக் குடும்பங்கள் திரும்புவதற்கும் அவர்கள் காரணமாகிறார்கள். அந்தத் தாதி வந்த மூன்றாம் மாதத்தில் மனமுடைந்து வேலையை விட்டால் நட்டம் அவளுடையது மட்டுமல்ல. 2024இல் மன்னாரில் மகப்பேற்றின்போது தாய்மார் இறந்து, மக்கள் வீதிக்கு இறங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நல்ல சேவை வேண்டுமென்று கேட்கும் சமூகம், அந்தச் சேவைக்குத் தன் பிள்ளைகளை அனுப்பவும் அவர்களை அதில் நிலைக்க வைக்கவும் வேண்டும்.

நியமனம் ஒன்று, வேலை செய்யும் பிரிவு வேறொன்று

என் மாணவியைப் போன்றவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். இலங்கையில் அரச நியமனக் கடிதம் ஒருவரைத் தாதிய உத்தியோகத்தராகவே நியமிக்கிறது. தீவிர சிகிச்சைத் தாதி, குழந்தைகள் பிரிவுத் தாதி என்று நியமிப்பதில்லை. மூன்று வருட அடிப்படைப் பயிற்சியில் எல்லாப் பிரிவுகளும் உண்டு. அதன்பின் எந்த வாட்டில் நிற்கிறோமோ, அங்கே பழகியதே நம் விசேடத்துறையாக ஆகிவிடுகிறது.

ஆகவே இடமாற்றம் கிடைக்கும்போது தரமும் சேவைக்காலமும் கூடவே வருகின்றன. பிரிவு வருவதில்லை. புதிய வைத்தியசாலையில் யாரை எங்கே போடுவது என்பதை அங்குள்ள பொறுப்பான விசேட தரத் தாதிய உத்தியோகத்தர், பேச்சுவழக்கில் மேட்ரன், அன்றைய ஆளணித் தேவையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். பெரிய போதனா வைத்தியசாலையில் இருக்கும் எல்லாப் பிரிவுகளும் மாவட்ட வைத்தியசாலையில் இருக்காது. இருந்தாலும் அதில் வெற்றிடம் இருக்க வேண்டும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. தரம் மூன்றிலிருந்து இரண்டுக்கும் ஒன்றுக்கும் செல்வது சேவைக்காலத்தையும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையையும் பொறுத்தது. எந்த வாட்டில் நின்றோம் என்பதைப் பொறுத்ததல்ல. வாட்டு மாறியதால் யாரும் பதவியில் கீழே இறங்குவதில்லை. மனதுக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மறுபடி புதியவராவது

மனதுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பட்ரிசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில் நல்ல விளக்கம் இருக்கிறது. ஒரு தாதி ஐந்து படிகளில் வளர்கிறார் என்கிறார் அவர்: புதியவர், சற்று முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதி பெற்றவர், தேர்ந்தவர், நிபுணர். ஒரே வகை நோயாளிகளுடன் இரண்டு மூன்று வருடங்கள் வேலை செய்தபின்தான் தகுதி பெற்றவர் என்ற நடுப்படிக்கே ஒருவர் வருகிறார். நிபுணர் விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தவுடனே நிலைமை விளங்கிவிடும். ஆனால் அதே நிபுணர் தான் பழகாத நோயாளிகளிடம் போனால் மீண்டும் புதியவரின் படிக்கே திரும்பக்கூடும் என்று பென்னர் தெளிவாகச் சொல்கிறார்.

என் மாணவியின் நிலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 120 முதல் 160 தடவை துடிக்கும். வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை. குழந்தை நிமிடத்திற்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். வளர்ந்தவர் 12 முதல் 20 வரை. ஏழு வருடம் ஒரு கணக்கில் பழகிய கண்ணும் காதும் திடீரென்று வேறு கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் தோல் நிறம் சற்று மங்கினாலே அவளுக்கு விளங்கிவிடும். இதயம் பலவீனமான அறுபது வயது மனிதர் இரவில் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னால் அதன் பொருள் அவளுக்கு உடனே விளங்காது. ஐந்தாறு குழந்தைகளைக் கவனித்த இடத்திலிருந்து வந்து, வாட்டு நிறைய நோயாளிகளுக்கு நடுவே நிற்கும்போது வேகமும் குறையத்தான் செய்யும்.

இதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் ஆரம்பக் கல்விக்குப் பயிற்சி பெற்ற என்னை, ஊருக்கு மாற்றலாகி வந்த வருடம் ஆளில்லை என்று எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்திற்கு அனுப்பினார்கள். முதல் தவணை முழுவதும் பிள்ளைகள் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் வகுப்பை அமைதிப்படுத்தவும், விளங்காத பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது. பாடம்தான் புதிது, கற்பித்தல் பழையது.

தாதியருக்கும் அப்படித்தான். கிருமி பரவாமல் வேலை செய்வது, மருந்தின் அளவைக் கணக்கிடுவது, கனுலா ஏற்றுவது, குறிப்பைத் தவறாமல் எழுதுவது, பயந்துபோன உறவினரிடம் பேசுவது ஆகிய எல்லாம் வாட்டு விட்டு வாட்டு கூடவே வரும். வராதது அந்த வகை நோயாளியைப் பற்றிய அனுபவ அறிவு. அதற்குக் காலமும் முறையான பயிற்சியும் வேண்டும்.

இதை ஒப்புக்கொள்வது நோயாளியின் உயிரோடும் சம்பந்தப்பட்டது. "எனக்கு ஏழு வருட அனுபவம், இவர்களிடம் போய் எப்படிக் கேட்பது" என்று நினைப்பவர்தான் பிழை விடுவார். இளையவரிடம் கேட்டுச் செய்வதில் வெட்கமில்லை.

இந்தக் கரைக்கு என்ன தேவை?

பழைய பிரிவு கிடைக்கவில்லை என்று ஆனபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இந்த ஊருக்கு எந்தத் தாதி தேவை என்பது. மன்னார் தீவையும் கரையோரத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்கான பதில் கண்முன்னே இருக்கிறது.

முதலாவது தாய்சேய் பராமரிப்பு. முசலியின் தூரக் கிராமங்களிலிருந்து ஒரு கர்ப்பிணி மாவட்ட வைத்தியசாலைக்கு வந்து சேர நேரமாகும். பிரசவ அறையில் வேலை செய்யத் தாதிய உத்தியோகத்தர் ஆறு மாத மகப்பேற்றுப் பயிற்சி பெறலாம். கிராமங்களில் வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரின் பயிற்சியும் பதவியும் வேறு. குழந்தைகள் பிரிவில் வேலை செய்தவருக்கு மகப்பேற்றுப் பக்கம் திரும்புவது மிக இயல்பான வழி.

இரண்டாவது நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும். சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மில் குறைவு. காலில் வந்த சிறு புண்ணைக் கவனிக்காமல் விட்டு விரலை இழந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். நீரிழிவு நோயாளிக்கு உணவு, இன்சுலின், பாதப் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்பிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் இப்போது நம் நாட்டில் இருக்கிறார்கள். நோன்பு காலத்தில் இவர்களின் பணி எவ்வளவு பெறுமதியானது என்று எண்ணிப் பாருங்கள். ரமழானில் சஹருக்கும் இப்தாருக்கும் ஏற்றபடி மருந்து வேளையை வைத்தியர் மாற்றித் தர வேண்டும், சிலர் நோன்பு பிடிக்கவே கூடாது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. அதை நம் வாப்பாமாருக்கு நம் மொழியில், நோன்பின் அருமை தெரிந்தவராக எடுத்துச் சொல்ல ஒரு முஸ்லிம் தாதியை விடப் பொருத்தமானவர் யார்?

மூன்றாவது அவசர சிகிச்சை. இது மீனவர் கரை. திருக்கை முள் குத்தியவர், இயந்திரத்தில் கை சிக்கியவர், சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கி அவசரமாக மேலே வந்ததால் உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாகிப் பாதிக்கப்பட்டவர் என்று வருவார்கள். நீண்ட நேரான வீதிகளில் விபத்துகளும் நடக்கின்றன.

நான்காவது பொதுச் சுகாதாரம். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதே வருட இறுதியில்தான் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நகர்ப்புற மலேரியா நுளம்பு இலங்கையில் முதன்முதலாக மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டுக் கிணறுகளில் அது பெருகுகிறது. வெளிநாடு போய் வந்த ஒருவர் காய்ச்சலோடு வந்தால் "எங்கே போய் வந்தீர்கள்?" என்று முதலில் கேட்கும் தாதிதான் அந்த நோய் திரும்பி வராமல் காப்பவர். கொழும்பிலுள்ள அடிப்படைக்குப் பின்னான தாதியர் கல்லூரியில் பொதுச் சுகாதாரத் தாதியத்திற்கான பயிற்சி உண்டு.

ஐந்தாவது உளநலம். வெளியேற்றம், போர், காணாமல்போன உறவுகள், இரண்டாம் தடவை இடம்பெயர்வு என்று எல்லாச் சமூகத்தவரும் இந்த மாவட்டத்தில் சுமந்தது அதிகம். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் நிறைய இடமிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தெற்கில் வேலை செய்து வந்தவருக்குச் சிங்களம் பழக்கமாகியிருக்கும். மன்னாரில் நோயாளி பேசுவது தமிழ். வைத்தியரும் சக தாதியரும் பல வேளைகளில் சிங்களம் பேசுபவர்கள். எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாக மறுபக்கம் சேர்க்கத் தெரிந்தவர் எந்த வாட்டிலும் வேண்டப்பட்டவர்.

கையில் உள்ளதை எங்கே கொண்டுபோகலாம்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவருக்கு அவசர சிகிச்சை, சத்திரசிகிச்சைக்குப் பின்னான கண்காணிப்பு, சிறுநீரகச் சுத்திகரிப்பு ஆகியவை நெருக்கமானவை. மன்னார் வீதி மதவாச்சியில் போய்ச் சேர்கிறது. சிறுநீரக நோயால் வட மத்திய மாகாணத்தில் மிகவும் பாதிக்கப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அந்தத் துறையில் பழகியவருக்கு வேலை குறையாது. சத்திரசிகிச்சை வாட்டில் இருந்தவருக்குக் காயப் பராமரிப்பும் நீரிழிவுப் பாதக் கிளினிக்கும், மருத்துவ வாட்டில் இருந்தவருக்கு தொற்றா நோய்க் கிளினிக்கும் கற்பித்தல் பணியும் பொருந்தும். எந்தப் பிரிவில் இருந்தாலும் ஒழுங்கும் கண்டிப்பும் உள்ளவருக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் பணி ஏற்றது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. இடமாற்றத்தின் வகையை அறிந்து விண்ணப்பியுங்கள். வருடாந்த இடமாற்றத்திற்கு விண்ணப்ப முடிவுத் திகதி உண்டு. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். வடக்கிலிருந்து உங்கள் பக்கம் வர விரும்பும் ஒருவரைக் கண்டுபிடித்தால் பரஸ்பர இடமாற்றம் கேட்கலாம். செல்லும் வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழா, மாகாணத்தின் கீழா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

2. பழைய இடத்தை விட்டு வருமுன் கடிதம் பெறுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை வருடம், என்னென்ன செயன்முறைகளைத் தனியாகச் செய்தீர்கள், என்னென்ன குறும் பயிற்சிகள் பெற்றீர்கள் என்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். வந்த பிறகு அதைக் கேட்டு வாங்குவது மிகச் சிரமம்.

3. வந்த முதல் கிழமையிலேயே மேட்ரனைச் சந்தியுங்கள். முறைப்பாடாக அல்ல, அறிமுகமாக. எந்தப் பிரிவில் ஆள் குறைவு, அடுத்த வெற்றிடம் எங்கே என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தை இரண்டு பிரிவுகளாக எழுதிக் கொடுங்கள். ஒன்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று சொல்வது எளிது.

4. போட்ட வாட்டில் முதல் மூன்று மாதமும் குறிப்புப் புத்தகம் வைத்திருங்கள். அங்கு அடிக்கடி பாவிக்கும் மருந்துகளும் அளவுகளும், அவசர மருந்துத் தள்ளுவண்டியில் எது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் வைத்தியரை உடனே அழைக்க வேண்டும் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். புதிய துறையில் சந்தேகமான மருந்தை இன்னொருவர் சரிபார்க்காமல் கொடுக்காதீர்கள்.

5. பயிற்சியைக் கேட்டுப் பெறுங்கள். குறும் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பும் சுற்றுநிருபம் வாட்டுக்கு வரும்போது பெயர் கொடுப்பவர்தான் தெரிவாவார். பட்டம் பெற விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் தாதியியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. வேலையோடு படிக்கலாம், ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

6. அவசரப்பட்டு இராஜினாமா செய்யாதீர்கள். அறிவிக்காமல் வேலைக்குப் போகாமலும் இருக்காதீர்கள். அது பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படும். குடும்பக் காரணமாக இடைவெளி தேவையென்றால் என்ன விடுமுறை கிடைக்கும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்.

தனியார் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கும், பிள்ளைகளைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. "நேர்சிங் கோர்ஸ்" என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒன்றல்ல. தாதிய உதவியாளர் சான்றிதழும், இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு பெறக்கூடிய தகைமையும் வெவ்வேறு. பணம் கட்டுமுன் அந்தப் பாடநெறி பேரவையின் பதிவுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஊர் மாறும்போது அந்தச் சான்றிதழ் உங்களோடு வராது.

கடல் கடந்து போகிறவர்களுக்கு

கணவர் வளைகுடாவில் இருப்பதால் அங்கே போக நினைக்கும் தாதியரும் நம்மில் இருக்கிறார்கள். அங்கே நிலைமை தலைகீழ். சவூதியிலும் எமிரேட்சிலும் கட்டாரிலும் உரிமம் பெறச் சான்றிதழ்கள் படித்த, வேலை செய்த இடங்களிலேயே சரிபார்க்கப்படும். கணினியில் பரீட்சையும் உண்டு. வேலை கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பிரிவில் அண்மைய அனுபவத்தைக் கேட்பார். ஆகவே போக எண்ணியிருப்பவர் புறப்படுமுன் பிரிவை மாற்றுவதும் வேலையை இடையில் நிறுத்துவதும் நல்லதல்ல.

பிரித்தானியாவில் தாதியர் பதிவேடே துறை துறையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வளர்ந்தோர், சிறுவர், உளநலம், கற்றல் குறைபாடு. எந்தத் துறையில் பதிவு கேட்கிறோமோ அதற்குரிய கணினிப் பரீட்சையிலும் செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். மன்னாரில் மருத்துவ வாட்டில் பெறும் அனுபவம் அங்கே வளர்ந்தோர் துறைக்கு உதவும். விருப்பமில்லாமல் கிடைத்த வாட்டு என்றாலும் அந்த வருடங்கள் வீணாவதில்லை.

குடும்பமும் ஊரும் செய்ய வேண்டியது

இவ்வளவையும் தாதி தனியாகச் செய்ய முடியாது. நம் பிள்ளைகள் இத்துறைக்கு ஏன் குறைவாகப் போகிறார்கள் என்று கேட்டால் சீருடை, இரவுக் கடமை, ஆண் நோயாளிகள் என்ற மூன்றையும் சொல்வோம். இவை ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பேசித் தீர்க்கலாம். பேசாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டு, நம் பெண்களைப் பார்க்க முஸ்லிம் தாதி இல்லையே என்று வைத்தியசாலையில் குறைப்படுவது நியாயமாகுமா?

அகழ் யுத்தத்தில் காயமடைந்த சஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. காயமடைந்த ஆண் ஒருவருக்கு ஒரு பெண் செய்த மருத்துவப் பணி அது. நடந்த இடம் பள்ளிவாசல். நமக்கு வேறு என்ன முன்மாதிரி வேண்டும்?

நடைமுறையில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விடயங்கள்தான். இரவுக் கடமை முடிந்து வரும் பிள்ளைக்கு நம்பிக்கையான முச்சக்கரவண்டி ஒன்றைப் பள்ளி நிர்வாகம் ஒழுங்கு செய்யலாம். விடுதி கிடைக்காதவருக்கு வைத்தியசாலைக்கு அருகில் பாதுகாப்பான அறை தேடிக் கொடுக்கலாம். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு வர்த்தமானி வந்த அன்றே அறிவிக்கலாம். ஏற்கெனவே வேலை செய்யும் தாதியரைப் பாடசாலைக்கு அழைத்துப் பேச வைக்கலாம். மாமிமாரும் கணவன்மாரும் இரவு வேலை செய்து வந்த பெண்ணைக் காலையில் நான்கு மணித்தியாலம் தூங்க விட்டால் அதுவே பெரிய உதவி.

என் மாணவி வேலையை விடவில்லை. மேட்ரனிடம் போய் மகப்பேற்றுப் பக்கமும் நீரிழிவுக் கிளினிக்கும் என்று இரண்டு விருப்பங்களை எழுதிக் கொடுத்தாள். பத்து மாதம் மருத்துவ வாட்டில் நின்றாள். அந்தப் பத்து மாதத்தில் நிரம்பிய குறிப்புப் புத்தகத்தை இப்போது அந்த வாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் வாங்கிப் பார்க்கிறார்களாம். மகப்பேற்றுப் பயிற்சிக்கு அவள் பெயர் போயிருக்கிறது. சென்ற மாதம் பேசும்போது கேட்டேன், இன்னும் பி.பி.யு.வை நினைக்கிறாயா என்று. "நினைக்காம எப்படி டீச்சர்? ஆனா இப்ப வாட்டில ஒரு வாப்பா மூச்சு விடுற சத்தத்திலயே எனக்கு விளங்குது" என்றாள்.

மறுமுனையில் மாமியின் குரல் கேட்டது. இரவுக் கடமைக்கு நேரமாகிவிட்டது, சாப்பாட்டுப் பெட்டி கட்டியாகிவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பும் ஒவ்வொரு தாதிக்கும் அப்படியொரு வீடும் ஊரும் அமைய அல்லாஹ் அருள் புரிவானாக.